கம்பஸில் இருந்து ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள். என் ஆட்களைக் காட்டிக் கொடுக்கலாமா?

உப்புவெளி_ஊசி எழுதியது:

வணக்கம். தலைப்பில் "காட்டிக் கொடுக்க" என்ற சொல்லைத் தெரிந்துதான் போட்டேன். திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு அதன் இரண்டு அர்த்தமும் தெரியும்.

நிலாவெளி வீதியில் 11 வருடமாக டாட்டூ, பியர்சிங் கடை வைத்திருக்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை சீசன். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், டொல்பின், ஆமை, தாமரை என்று குத்திக்கொண்டு போவார்கள், வாடகை கட்டுப்படியாகும். (புத்தர் மட்டும் குத்த மாட்டேன். கையில் புத்தர் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணை 2014 இல் விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள். 2017 இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 8 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. எனக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.)

மாரி தொடங்கினால் கடற்கரை வெறிச்சோடிவிடும். அப்போது வருகிறவர்கள்தான் என் உண்மையான ஆட்கள். முதுகு முழுக்கப் பச்சை குத்தி, அதைச் சேலையால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற டீச்சர் ஒருவர். நீளக்கைச் சட்டை தவிர வேறொன்றும் போடாத வங்கிக்காரர் ஒருவர். நாக்கை நடுவால் பிளந்துகொண்ட பொடியன் ஒருவன் (வேறு ஊரில் செய்தது, நான் செய்யவில்லை). அம்மாவோடு கதைக்கும்போது வாயை அதிகம் திறக்காமல் பழகிவிட்டான். முதுகில் கொக்கி போட்டுத் தொங்குகிறவர்கள் இரண்டு பேர். எல்லாரையும் சேர்த்தால் ஒரு 20 பேர் வருவோம். கதவைச் சாத்திவிட்டு, பிளேன்ரீயும் வடையுமாக இருந்து கதைப்போம். அவ்வளவுதான் எங்கள் சங்கம்.

இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வு செய்கிற தங்கச்சி ஒருத்தி வந்திருக்கிறாள். உடலை மாற்றிக்கொள்கிறவர்களின் வாழ்க்கையும் சுகாதாரமும் என்று தலைப்பு. 15 பேரிடம் நேர்காணல் வேண்டுமாம், போட்டோ வேண்டுமாம், பிறகு வசதிப்பட்டால் இரத்த மாதிரியும் எடுப்பாளாம். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறாள். 4 பக்கப் படிவம் ஒன்று தந்தாள். தமிழில்தான் இருக்கிறது. "பங்கேற்பாளர் எந்நேரத்திலும் எவ்வித பாதகமுமின்றி விலகிக்கொள்ளும் உரித்துடையவராவார்" என்று வாசித்தபோது காணி உறுதி வாசிக்கிற மாதிரி இருந்தது.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் இதேபோல் "படிப்புக்கு" என்று வந்து படம் எடுத்தார். முகம் தெரியாது என்று சொன்னார், சொன்னபடியே முகத்தை மங்கலாக்கினார். படம் ஒரு செய்தித் தளத்தில் வந்தது, போதையையும் சீரழிவையும் பற்றிய தலைப்புக்குக் கீழே. அதில் இருந்த திருக்கடலூர்ப் பொடியன் தகப்பன் செத்த வருடம் அவருடைய படகின் பதிவு இலக்கத்தை முன்கையில் குத்திக்கொண்டவன். முகம் மங்கல், இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. கரைவலை இழுக்கிற கிழவர்கள்கூட அந்தப் படகைச் சொல்வார்கள். அவனுக்குப் பேசி வைத்திருந்த கலியாணம் அந்தக் கிழமையே நின்றுபோனது. அவன் என்னோடு கதைக்க எட்டு மாதமாயிற்று.

என் கேள்வி: இவளை நம்பலாமா வேண்டாமா என்று நான் எதை வைத்து முடிவு செய்வது? என்ன கேட்க வேண்டும்? ஆய்வு செய்கிறவர்கள், ஆய்வு செய்யப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


சும்மா_ஒருவன் எழுதியது:

உடம்பைக் கிழித்துக்கொண்டு தொங்குகிறதை ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? மனநல டொக்டரிடம் அனுப்புங்கள். பல்கலைக்கழகத்தில் வேறு வேலை இல்லையா?


உப்புவெளி_ஊசி எழுதியது:

அண்ணா, நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்தானே? என் தாய்மாமன் 27 வருடமாகச் செடில் குத்துகிறார். விபூதியை முதுகில் அப்பி, இரண்டு விரலால் தோலைக் கிள்ளித் தூக்கி, மூச்சு விடுகிற நேரம் பார்த்துக் கொக்கியை ஏற்றுவார். தூக்குக் காவடி என்றால் தொடையிலும் காலிலும் சேர்த்துப் போட்டு, உழவு இயந்திரத்தில் கட்டின மரத்தில் ஆளைக் கிடையாகத் தொங்கவிடுவார்கள். சனம் குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துத் திருநீறு பூசச் சொல்லும். திருவிழா முடிந்து அதே வீதியால் அதே சனம் வரும், என் கடைப் பலகையைக் கண்டதும் மற்றப் பக்கம் மாறி நடக்கும். கொக்கி ஒரே கொக்கி. எனக்குத் தொழில் சொல்லித் தந்ததும் மாமாதான்.

அமெரிக்காவில் பாகிர் முசாபர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் இருந்தார் (1930–2018). நம் காவடியையும் அங்குள்ள பழங்குடியினரின் சூரிய நடனத்தையும் பார்த்துத்தான் அவர் தானும் கொக்கியில் தொங்கினார். இங்கிருந்து போன சங்கதி சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, டொக்டரிடம் அனுப்புவதென்றால் மாமாவையும் சேர்த்து அனுப்புங்கள்.


களக்குறிப்பு எழுதியது:

நான் ஆய்வு செய்கிறவள். மானுடவியல், 14 வருடம். முதலில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். டீச்சர், வங்கி, பிளந்த நாக்கு என்று நீங்களே இங்கே எழுதிவிட்டீர்களே? திருகோணமலை என்ன பெரிய ஊரா? உங்கள் படகுக்காரருக்கு நடந்ததும் இதுதானே. அந்தப் படம் எடுத்தவர் கெட்டவராக இருந்திருக்கத் தேவையில்லை. பெயரையும் முகத்தையும் மறைத்தால் ஆள் மறைந்துவிடும் என்று நம்பியிருப்பார். பச்சை குத்திய உடம்புக்கு அந்தக் கணக்கு சரிவராது, உடம்பே பெயர்ப்பலகை. எங்களுடைய வழக்கமான படிவங்கள் இதை யோசித்து எழுதப்பட்டவை அல்ல.

எங்கள் ஆட்கள் பட்ட கடனும் இருக்கிறது, அதை ஒளிக்க முடியாது. 1876 இல் இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர், பிறவிக் குற்றவாளியின் அடையாளங்களில் ஒன்றாகப் பச்சையை எழுதி வைத்தார். சிறைக்கைதிகளின் உடம்பைப் பார்த்து எழுதினது. அது அறிவியல் என்ற பெயரில் எத்தனையோ நாட்டுப் பொலிஸுக்குப் போயிற்று. உங்கள் கடையைக் கண்டு வீதி மாறுகிற ஆளின் தலையில் லொம்ப்ரோசோவும் கொஞ்சம் இருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

அந்தத் தங்கச்சியிடம் நான் முதலில் கேட்கக்கூடியது: "ஒலிப்பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், கோர்ட்டு கேட்டால் என்ன செய்வீர்கள்?" கடைசிக் கேள்விக்கு "யாருக்கும் கொடுக்க மாட்டோம்" என்று உடனே பதில் வந்தால் கவனம். அந்த வாக்குறுதி அவள் கையில் இல்லை. வட அயர்லாந்தில் முன்பு ஆயுதம் ஏந்தியவர்களிடம் அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரிக்காக 2001 முதல் நேர்காணல் எடுத்தார்கள். சாகும்வரை வெளியே வராது என்று சொல்லி எடுத்தது. 2011 இல் பொலிஸ் கேட்டது, அமெரிக்க நீதிமன்றம் வரை போய், கடைசியில் நாடாக்களில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. "இவ்வளவுதான் என்னால் காப்பாற்ற முடியும், அதற்கு மேல் முடியாது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிற ஆய்வாளரைத்தான் நான் நம்புவேன். அவள் அப்படிச் சொன்னால் உங்கள் ஆட்கள் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தாங்களே தீர்மானிக்கலாம்.

அடுத்தது கையெழுத்து. பெயரும் கையெழுத்தும் போட்ட படிவம்தான் சில ஆய்வுகளில் ஆளைக் காட்டிக்கொடுக்கிற ஒரே காகிதம். அப்படியான இடத்தில் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று நெறிமுறைக் குழுக்கள் (ஆய்வைத் தொடங்குமுன் பார்த்து அனுமதி கொடுக்கிறவர்கள்) அனுமதிப்பது உண்டு. அவள் கேட்டாளா என்று கேளுங்கள். போட்டோவுக்குப் பதில் கோட்டோவியம் போதுமா என்றும் கேளுங்கள். அதையும் படத்துக்குரியவர் பார்த்துச் சரி என்ற பிறகு போடட்டும்.

இரத்தம் என்றீர்களே, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஹவசுபாய் என்ற சிறிய பழங்குடி. 1990 முதல் நீரிழிவு ஆய்வு என்று இரத்தம் எடுத்தார்கள். பிறகு அதே இரத்தத்தில் மனநோயையும், உறவுக்குள் மணம் முடிப்பதையும், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள், கேட்காமல். வழக்குப் போட்டு 2010 இல் 7 இலட்சம் டொலரும் மிஞ்சின இரத்தமும் திரும்பக் கிடைத்தன. எனவே இரத்தம் எதற்கு, எவ்வளவு நாள், முடிவை முதலில் யாரிடம் சொல்வது, மிச்சத்தை எப்போது அழிப்பது என்று எழுத்தில் வாங்காமல் கையை நீட்ட வேண்டாம்.

தென்னாபிரிக்காவின் சான் மக்கள் 2017 இல் தங்களிடம் வருகிற ஆய்வாளர்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை எழுதினார்கள். 20 பேர் இருந்து பிளேன்ரீ குடிக்கிறீர்கள் என்றால் ஒரு பக்கம் எழுத முடியாதா?

என் சொந்தக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் களப்பணியில் ஒரு அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் கட்டுரையாக்கினேன். நான்கு வருடம் கழித்து அவருடைய மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். "நான் அழுதேன் என்று எழுதியிருக்கிறாய், நான் அழவில்லை, கண்ணில் மிளகாய்" என்றார். நான் திரும்பிப் போய் வாசித்துக் காட்டியிருந்தால் ஒரு மணித்தியாலம் செலவாகியிருக்கும், அவ்வளவுதான்.


லண்டன்_திருமலையான் எழுதியது:

தம்பி, இங்கே சட்டத்துறையில் வேலை செய்கிறேன், ஒன்றைமட்டும் சொல்கிறேன். 1987 இல் மான்செஸ்டர் பொலிஸ் கையில் ஒரு வீடியோ அகப்பட்டது. சில ஆண்கள் தங்கள் விருப்பத்தோடு ஒருவரையொருவர் வருத்திக்கொள்கிற வீடியோ, தங்களுக்குள் பார்ப்பதற்கு எடுத்தது. கொலை நடக்கிறதென்று நினைத்து விசாரணை தொடங்கி, 1993 இல் பிரபுக்கள் சபை (அப்போது இங்கே ஆக உயர்ந்த நீதிமன்றம் அதுதான்) வரை போய், 3க்கு 2 என்று தீர்ப்பு: சம்மதம் இருந்தாலும் குற்றம். அவர்களைச் சிக்கவைத்தது அவர்களே எடுத்த பதிவு.

2018 இல் இன்னொன்று. வூல்வர்ஹாம்ப்டனில் ஒரு டாட்டூக்காரர் ஒருவருடைய காதை அகற்றினார், இன்னொருவருடைய நாக்கைப் பிளந்தார், முலைக்காம்பு ஒன்றையும் எடுத்தார். கேட்டு வந்தவர்களுக்குத்தான் செய்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவர் அல்லாதவர் செய்ததற்குச் சம்மதம் பாதுகாப்பாகாது என்றது. அடுத்த வருடம் 40 மாதச் சிறை.

அது இங்கிலாந்து. ஆனால் நம் தண்டனைச் சட்டக்கோவையும் 1883 இல் வெள்ளைக்காரன் போட்டதுதான். நாக்குப் பொடியன் தன் கதையைச் சொல்லட்டும், யார் பிளந்தது என்பதை மட்டும் ரெக்கோர்டர் கேட்கக் கூடாது. ஊரில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து ஒருதரம் கேட்டுவிடு. மாமாவுக்கு என் வணக்கம், முன்பு என் முதுகில் குத்தினவர் அவராகத்தான் இருக்க வேண்டும்!


வார்ட்_நைட்டூட்டி எழுதியது:

தாதி உத்தியோகத்தர். எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம்.

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள், நான் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். காதின் மேல்பக்கக் குருத்தெலும்பில் குத்தினது பழுத்து வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். சோணையில் குத்துகிற மாதிரி அல்ல அது, குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை, சூடோமோனாஸ் கிருமி பிடித்தால் காதின் வடிவே சுருங்கிப் போகும். முதல் நாளிலேயே வந்தால் மருந்தோடு முடியும். ஆறாம் நாள்தான் வருகிறார்கள். ஏன் என்று கேட்டால், போன தடவை எங்களில் ஒருவர் எல்லார் முன்னாலும் "இதெல்லாம் தேவையா உனக்கு?" என்று ஏசினாராம். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஒருகாலம் ஏசியிருக்கிறேன்.

அந்த மாணவி இதை எழுதினால் எங்களுக்குப் பாடம் எடுக்கலாம். கட்டுரை ஆங்கிலத்தில் எங்கேயோ போகட்டும், எங்கள் வார்ட்டுக்கு ஒரு பக்கத் தமிழ்த் துண்டு வர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். இன்னொன்று, கடைக்காரத் தம்பி, நீங்கள் ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டீர்களா? மூன்று டோஸ்: முதலாவது, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். கொதிநீரில் போட்டு எடுப்பது போதாது, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்கிற மெஷின்) 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம் நிற்க வேண்டும்.


உப்புவெளி_ஊசி எழுதியது:

அக்கா, ஆட்டோகிளேவ் ஏழு வருடமாக வைத்திருக்கிறேன். ஊசி போடவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஊசிக்காரன் ஊசி போடவில்லை.

களக்குறிப்பு அக்காவுக்கு: திட்டு சரி. பதிவைத் திருத்தப் போனால் நேரம் கடந்துவிட்டது. தொழில்களை முதலே மாற்றித்தான் எழுதினேன், டீச்சர் டீச்சரில்லை, வங்கி வங்கியில்லை. படகுப் பொடியனிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். நாக்குப் பொடியனை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். நேற்றுப் போய்ச் சொன்னேன். சிரித்தான். "ஊரில் தெரியாத ஒரே ஆள் அம்மா, அவ இங்கே வாசிக்க மாட்டா" என்றான். தப்பினேன்.

எல்லாப் பதிலையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "கயிறு ஆர் பிடிக்கிறது?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செடில் காவடியில் முதுகுக் கொக்கிகளின் கயிறுகளை ஒன்றாக முடிந்து பின்னால் ஒருவர் பிடிப்பார். ஆடுகிறவர் முன்னுக்குப் பாய்வார். பிடிக்கிறவர் அதிகம் இழுத்தால் தோல் கிழியும். தளரவிட்டால் கொக்கி ஆடி அலைக்கும், அது இன்னும் மோசம். மேளம் மாறுகிறபோது கையும் மாற வேண்டும். ஆடுகிறவருக்கு முதுகில் கண் இல்லை. அதனால் யார் பிடிப்பது என்பதை அவரேதான் சொல்வார், மச்சான், கூட்டாளி, யாரோ ஒருவர். கோயில் சபைத் தலைவரே ஆசைப்பட்டாலும் கயிறு கிடைக்காது. மாமாவின் கணக்கில், அந்தப் பிள்ளை கயிறு பிடிக்க வந்திருக்கிறாள், யார் முதுகு என்று தெரியாமல் நான் எப்படிக் கொடுப்பது? ஒவ்வொருவரும் தாங்களே சொல்ல வேண்டும்.

எனவே ஆட்களை நான் அறிமுகப்படுத்தப் போவதில்லை. அவளுடைய இலக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டுவேன். விரும்பினவர் எடுக்கட்டும்.


உப்புவெளி_ஊசி எழுதியது (ஐந்து கிழமைக்குப் பிறகு):

என்ன நடந்தது என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டீர்கள்.

கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். கோர்ட்டுக் கேள்விக்கு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உறுதி தர ஏலாது அண்ணா. அதனால பெயரை நான் எழுதவே மாட்டன்" என்றாள். இரத்தத்தைத் திட்டத்திலிருந்து வெட்டிவிட்டாள். போட்டோவும் இல்லை. படிவத்தை நானும் அவளும் இருந்து பேச்சுத் தமிழில் திருப்பி எழுதினோம், ஒரு பக்கத்தில் முடிந்தது. அதை நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி அனுப்பி வாங்க மூன்று கிழமை போயிற்று. அந்த மூன்று கிழமையும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டுக்கு, சாம்பல்தீவுக்கு, சைக்கிளில் வந்தாள். ரெக்கோர்டர் இல்லாமல். ஆய்வுக்கு எடுக்க முடியாதென்று தெரிந்தும் வந்தாள். மாமி மீன் வெட்டும்போது செதில் உரித்துக் கொடுத்தாளாம், மோசமாக.

அனுமதி கிடைத்த பிறகு மாமாதான் முதல் ஆள். அடுத்த ஞாயிறு அவள் எழுதினதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நானும் போயிருந்தேன். மாமா முற்றத்தில் கதிரையில், அவள் படியில். வாசித்துக்கொண்டு போனாள். "பழைய வலியை நினைத்து அவர் முகம் சுளித்தது" என்று ஒரு இடம்.

மாமா கையைத் தூக்கினார். "வலி எண்டு நான் சொன்னனானோ?"

"இல்லை ஐயா. முகத்தைச் சுளிச்சீங்கள்."

"அது பீடிப் புகை, பிள்ளை."

வெட்டிவிட்டு மேலே எழுதினாள். எட்டிப் பார்த்தேன், "புகை" என்றுதான் எழுதியிருந்தாள். களக்குறிப்பு அக்காவின் மிளகாய் எனக்கு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், மாமா முறைத்தார்.

சுவரில் ஒட்டினதில் இருந்து இதுவரை ஆறு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். 15 வராது போலிருக்கிறது, அவளுக்கும் அது விளங்குகிறது. ஒருவர் தன்னை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். "ஒராள் வர மாட்டாராம்" என்றேன். "சரி அண்ணா" என்றாள். யார் என்று கேட்கவில்லை.

தாதி அக்கா, முதல் டோஸ் போட்டாயிற்று, இரண்டாவது வருகிற புதன். ஆட்டோகிளேவ் மூடியின் றப்பர் வளையம் போய்விட்டது, பிரஷர் நிற்கவில்லை. 18 லீட்டர் மெஷினுக்குக் கொழும்பு போகாமல் எங்கே வாங்கலாம் என்று யாருக்காவது தெரியுமா?